வேலிக்குச் சாட்சி

கிரேயம் டுலக் எலிகளுக்குக் கணக்கு வைத்திருந்தார்.
பேருந்து ஓட்டிய காலத்துப் பழக்கம்:
புறப்பாடு, வருகை, நிமிடம் பிசகாமல்.
செவ்வாய், இரவு ஒன்பது நாற்பது,
வேலியின் மேல்பலகையில் ஒன்று, மேற்கு நோக்கி.
ஒன்பது நாற்பத்திரண்டு, அதே பலகையில் இரண்டு.
பின்னால் போனது சினை, என்று அடிக்குறிப்பு.

நோயலின் பாஸ்கோவின் ஆறு கோழிகளும்
எதுவும் அறியாமல்
ஹட் பள்ளத்தாக்கின் ஜூன் மழையில் நனைந்து நின்றன.
எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு,
அவள் வேலைபார்த்த வங்கியின் பழைய மேலாளர்கள்.
மிஸ்டர் ஃபென்விக் இந்த வாரம் முட்டையிடவில்லை என்பாள்,
சிரிக்காமல்.

முதல் கடிதம் கண்ணியமாக இருந்தது.
மூன்றாவதில் நகரசபையின் விதி எண் வந்தது.
ஐந்தாவதைக் கூட்டின் தரையில் விரித்தாள்.
கோழிகள் தங்கள் கருத்தைத் தெரிவித்துவிட்டன என்று
எங்கள் மூவருக்கும் பொதுவான சந்தில் நின்று
அவருக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னாள்.

பிறகு அவர் விஷக்கட்டி வைத்தார்,
பெட்டிக்குள், விதிப்படி.
பிறகு ஒரு கோழி கழுத்தைத் தொங்கப்போட்டது.
விஷமா மழையா, யார் கண்டது.
மிஸ்டர் ஃபென்விக் செத்த காலையில்
நோயலின் வேலியோரம் வந்து
ஒரு சொல்லும் சொல்லாமல்
கிரேயம் வீட்டுச் சமையலறை ஜன்னலையே
பார்த்துக்கொண்டு நின்றாள்.
உள்ளே கெட்டில் கூவிக் கூவி அடங்கியது.
அவர் ஜன்னலுக்கு வரவில்லை.

இருவருக்கும் நான் நல்லபிள்ளை, அறுபத்தெட்டு வயதில்.
இரண்டு பக்கத்துக் குறைகளையும்
கோப்பை கோப்பையாகக் குடித்தவன்.
அதனால் என்னிடம்தான் வந்தார்கள், தனித்தனியே:
மெர்வின், உன்னிடம் அந்த ஊதா விளக்கு இருக்கிறதே.

தபால்தலைகளின் மறைபட்டையைப் பார்க்க வாங்கியது.
பூச்சிமருந்துக் கடைக்காரன் ஒரு பொடி தந்தான்.
பகலில் வெறும் மாவு,
ஊதா ஒளியில் பற்றி எரியும்.
தீவனத் தொட்டியைச் சுற்றித் தூவினோம்.
மறுநாள் இரவு, முதன்முறையாக
இருவரும் வேலியின் ஒரே பக்கத்தில் நின்றார்கள்,
மழைக்கோட்டுத் தலைமூடிக்குள் முகம் தெரியாமல்.

விளக்கைப் போட்டேன்.

நான்கு விரல் குட்டிக் கைகள்,
மஞ்சளாக, நூற்றுக்கணக்கில்,
மேல்பலகை நெடுக அவசரமில்லாமல் நடந்து
கிரேயமின் கொட்டகைக்கு அடியில் நுழைந்து
புல்விதை மூட்டை வரை.
ஓ, என்றார் அவர். அவ்வளவுதான்.
நோயலின் ஜெயித்தவள்போல மூச்சை இழுத்தாள்,
தன் தொட்டியைச் சுற்றி எரிந்த மஞ்சள் குளத்தைப் பார்த்து
அந்த மூச்சை மெதுவாக விட்டாள்.

நான் இன்னொன்றையும் பார்த்தேன்.
கிளைப்பாதை ஒன்று,
மெல்லியது, ஆனால் தினம் நடந்த நிதானம் அதில்.
சந்தைக் கடந்து வடக்கே
என் பிளம் மரத்துக்கு,
அதில் தொங்கும் சூரியகாந்தி விதைக் கூண்டுக்கு.
மூன்று குளிர்காலமாகத் தொங்குகிறது,
காலை எட்டு மணிக்கு
யாராவது வரட்டும் என்று.

பேட்டரி போய்விட்டது என்றேன்.

நோயலின் இப்போது
கோழி மிதித்தால் மட்டும் திறக்கிற தொட்டி வைத்திருக்கிறாள்.
கிரேயமின் விதை தகர டின்னில்.
வேலிக்கு அடியில் கம்பிவலை, செலவு பாதி பாதி.
பேச்சு இன்னும் இல்லை.
எனக்கு நான்கு புதிய பேட்டரி வாங்கித் தந்தார் கிரேயம்,
உறையைப் பிரிக்கவே இல்லை நான்.
அவர் கணக்கும் நிற்கவில்லை.
சனி, இரவு பத்து ஐந்து, ஒன்று, வடக்கு நோக்கி.
எனக்குப் படித்துக் காட்டிவிட்டு
நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.
மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

நோயலின் ஆறு முட்டை வைத்துவிட்டுப் போனாள்.
மூடியில் பென்சிலால் ‘நடுவருக்கு’.
ஒன்றில் ஈர இறகு ஒட்டியிருக்கிறது.
ஒன்பது நாளாகக் குளிர்பெட்டியில் கிடக்கின்றன.

விதைக் கூண்டைக் கழற்றினேன்.
இன்று காலை எட்டு மணிக்கு
வெறும் கிளையில் ஒரு சிட்டு வந்து உட்கார்ந்து
என் சமையலறை ஜன்னலையே பார்த்தது.
கெட்டில் கூவியது.