நூற்றி எண்பது டிகிரி

கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார்:
இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது.
முதுகில் இரண்டு கம்பி, ஆறு திருகாணி.
டொராண்டோவுக்கு இருபத்திரண்டு மணி நேரம்.
கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

சுகிர்தா விடவில்லை.
"படுத்துக்கிட்டு வாம்மா. பிசினஸ் கிளாஸ் சீட்டு
அப்படியே மல்லாந்துரும், நூத்தியெண்பது டிகிரி."
அவள் அங்கே பனியில் பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுகிறாள்.
ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு கட்டில் உண்டாம்.
எல்லா வண்டியிலும் அப்படித்தான் என்று நினைப்பு.

பெட்போர்டில் பெள்ளிராஜ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான்:
சென்னையிலிருந்து போக வர நாலு லட்சத்து அறுபதாயிரம்.
நான் வாய் திறக்கவில்லை.
முப்பத்தோரு வருஷம் குன்னூர் ஏலத்தில்
தூள் விலை எழுதிய கை இது.
முதல் விலைக்குத் தலையாட்டுகிறவன்
அடுத்த சீசனில் இருக்க மாட்டான்.

அன்றிலிருந்து ராத்திரி தண்ணீர்த் தொட்டி மேட்டில் நிற்கிறேன்.
அங்கேதான் சிக்னல்.
பதினொரு மணிக்கு ஒரு விலை, பால் வண்டி வரும்போது ஒரு விலை.
பச்சை இலையாவது மழை பார்த்து இறங்கும்.
இது எதைப் பார்த்து இறங்குகிறது?

ஒரு கம்பெனி சொன்னது:
சாதா சீட்டு வாங்கு, மேல் சீட்டுக்கு ஏலம் கேள்.
ஏலம்! என்னிடமா?
ஆனால் எதிராளி யாரென்று காட்டாத ஏலம்,
சுத்தியல் விழாத ஏலம்.
தோற்றால் இருபத்திரண்டு மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.
முதுகை வைத்து யார் ஏலம் கேட்பார்கள்?

அண்ணன் மகன் ஒரு கார்டு வாங்கச் சொன்னான்.
மூன்று லட்சம் செலவழித்தால் புள்ளிகள் சேருமாம்,
சீட்டு சும்மா வருமாம்.
செலவழிக்க மூன்று லட்சம் இருந்தால்
இந்தக் குளிரில் எனக்கென்ன வேலை, தம்பி?

கம்பளிக்குள்ளிருந்து வீட்டுக்காரர் கேட்டார்:
"படுத்துத் தூங்க நாலு லட்சமா?
இங்கே சும்மாதானே கிடக்குது."

நேற்று கிளம்பும் ஊரை மாற்றிப் பார்த்தேன்.
கொச்சி போடலாமென்று 'கொ' அடித்தேன்.
போன் முந்திக்கொண்டு கொழும்பு என்றது.
இரண்டு லட்சத்து எழுபத்தோராயிரம்.
அதே கம்பெனி. அதே படுக்கை.

"ஆமாக்கா" என்றான் பெள்ளிராஜ்,
"அங்கிருந்து ஏறினா சில நேரம் சல்லிசு.
சென்னையிலிருந்து ஒண்ணரை மணி நேரம்தானே?"

ஒன்றரை மணி நேரம்.

எங்களுக்கு ஆறு நாள் ஆனது.
எழுபத்து நாலு, எனக்கு ஆறு வயது.
பொகவந்தலாவைத் தோட்டத்திலிருந்து ரயிலடி,
தலைமன்னாரில் கப்பல்,
மண்டபத்தில் ஊசி,
மேட்டுப்பாளையத்திலிருந்து லாரி.
ஒரு தகரப்பெட்டி, ஒரே அட்டையில் ஐந்து பெயர்.
சீட்டு இரண்டு சர்க்கார்களும் பேசி வைத்தது:
போக மட்டும்.
கப்பல் மேல்தட்டில் சாக்கு விரித்து
மல்லாந்து கிடந்தேன், முழு நூற்றி எண்பது.
யாரும் காசு கேட்கவில்லை.

இந்த விலை இன்னும் பதினான்கு நிமிடம், என்கிறது போன்.
அதற்குள் அந்த நாட்டு அனுமதிப் படிவம்.
பிறந்த இடம் எழுதினேன்.
வருகையின் நோக்கம்: விமானம் மாறுதல்.
அடுத்த கேள்வி,
'இதற்கு முன் இலங்கைக்கு வந்திருக்கிறீர்களா?'
ஆம். இல்லை. இரண்டு கட்டம்.

வந்ததில்லை.
அங்கிருந்து போயிருக்கிறேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

மூடுபனி தொட்டியைத் தாண்டி வந்துவிட்டது.
சிக்னல் ஒரு கோடு.
ஒன்பது நிமிடம்.
உட்கார்ந்து யோசிக்கலாமென்றால்
டாக்டர் வேறு.