தாய் எண் பதினேழு

பெர்லினில், மோவாபிட் பக்கம் ஓர் ஆய்வகத்தில்
கூண்டு கழுவுகிறேன்.
எலிப் புழுக்கை, மரத்தூள், இரவெல்லாம் அணையாத அடுப்பு.
வாரத்துக்கு ஒன்பது மார்க்.

ஆமணக்கில் எண்ணெய் பிழிந்தபின்
சக்கையில் தங்கிவிடும் நஞ்சு.
நீரில் கரைத்து, சொட்டு எண்ணி,
பிஸ்கட்டில் ஊறவைத்துக் கொடுப்போம்.
முதல் நாள், கொடுத்தோமா என்றே சந்தேகம் வரும்.
மறுநாள் இம்மி கூடும்.
அப்படியே ஏறி ஏறி
ஒரு கூண்டையே காலிசெய்யும் அளவைத்
தின்று முடித்து
மீசை துடைத்துக்கொண்டாள் பதினேழு.

பிறகு ஆறு குட்டி போட்டாள்.
அதே இரவில் முப்பத்திரண்டும் ஆறு.
முப்பத்திரண்டு நஞ்சின் வாடையே அறியாத எலி.

"மாற்றி வை, வோர்ஷா" என்றார் டாக்டர் ஹோல்ட்ஸாப்ஃபெல்.
"இதன் குட்டிகள் அதற்கு. அதன் குட்டிகள் இதற்கு."
மனித வாடை ஒட்டாதிருக்க
கையில் மரத்தூளைத் தேய்த்துக்கொண்டேன்.
கண் திறக்காதவை. விரற்கணு நீளம்.
பன்னிரண்டையும் மாற்றினேன்.

எனக்குப் பழகிய வேலைதான்.
ஸ்ப்ரேவால்டிலிருந்து ரயிலேறி வந்தேன்,
எங்கள் ஊர்ப் பெண்கள் வருவதுபோல,
சிவப்புப் பாவாடையும் அகலத் தலைத்துணியுமாய்.
ஒரு மருத்துவர் என் பாலை
நகத்தின்மேல் ஒரு சொட்டு விட்டு, சாய்த்துப் பார்த்து,
தலையசைத்தார்.
வங்கிக்காரர் மகன் எக்பெர்ட்டுக்குப் பதினான்கு மாதம்.
என் மியெர்தின்
ஊரில், நாத்தனார் மடியில், ஆட்டுப்பாலில்.

மூன்று வாரம் போயிற்று.
குட்டிகள் எல்லாவற்றுக்கும் நஞ்சு, ஒரே அளவு.
பதினேழிடம் குடித்த பிறத்தியார் குட்டிகள்
ஆறும் மறுநாள் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன.
பதினேழு பெற்றவை
மூன்றாம் நாள் காலைக்குள் ஒவ்வொன்றாக.
நான்தான் அள்ளினேன்.

"பால்!" என்று கத்தினார் டாக்டர்.
"பால் வழியாகவே போகிறது!"
மைக்கூடு கவிழ்ந்ததையும் அவர் கவனிக்கவில்லை.
அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை
வெறுக்க முயன்றேன். வரவில்லை.

எட்டு வயதில் எனக்குத் தொண்டை அடைப்பான் வந்து
பிழைத்தேன்.
அந்த வீட்டில் இருந்தபோது எக்பெர்ட்டுக்கு வந்தது.
ஒரு வாரம் கரகரத்தான், பிறகு ரொட்டி கேட்டான்.
அதே மார்கழியில்
மியெர்தினுக்கும் வந்தது.
தந்தி என் கைக்கு வர இரண்டு நாள் பிந்தியது.

"மனிதருக்கும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.
துடைத்துக்கொண்டிருந்த மைக்கறையிலிருந்து நிமிர்ந்தார்.
"தெரியாது" என்றார். பொய் சொல்லத் தெரியாதவர்.
"இன்னும் தெரியாது."

விளக்கைத் தணிக்குமுன்
பதினேழுக்கு என் இரவுச் சாப்பாட்டிலிருந்து
ஒரு துண்டு ரொட்டி வைத்தேன்.
எதிலும் ஊறாத ரொட்டி.
உடனே தின்னவில்லை.
நெடுநேரம்
முகர்ந்துகொண்டே இருந்தாள்.