நாற்பது கிலோ

காசிமேட்டில் ஐஸ் லாரிகள் வரிசை கட்டும் நேரம்.
கோடு ரெபோவையும் புகார்ப் பட்டியலையும்
ஒருவழியாக இணைத்துவிட்டேன்.
டோக்கன் ஒட்டி, வெப்ஹூக் மாட்டி,
இரண்டு தடவை நெட் போய்
மூன்றாம் தடவை பச்சை.

இனி ஒவ்வொரு கமிட்டும்
யார் கேட்டு வந்தாய் என்றால்
ஒரு எண்ணைக் காட்ட வேண்டும்.
எண் இல்லாதவை அடியில் குவிந்தன:
"சரி பண்ணியாச்சு", "இப்போ சரி",
"சத்தியமா சரி".

நஸ்ரீன் போட்டது மட்டும் எண்ணோடு இருந்தது.
வேலையை விடுவதற்கு முந்தைய நாள், வைகாசியில்.
அதிலிருந்து கிளம்பிய கோடு
நூற்றுப்பதினெட்டில் போய் நின்றது.
திறந்தே கிடந்த புகார்.
கஜபதி, தண்டையார்பேட்டை எடைமேடை:
"நாப்பது கிலோ கூடக் காட்டுது சார்.
அதுவரைக்கும் நான் கைல கழிச்சிக்கிறேன்."

என் கண்ணெதிரிலேயே அது
"முடிந்தது" என்று நிறம் மாறியது.

போன் போட்டேன். பின்னால் ட்ரெய்லர் ஹாரன்.
"அண்ணே, அந்த எடை சரியாயிடுச்சு தெரியுமா?"
"எப்போ?"
"வைகாசியில."
கொஞ்ச நேரம் ஹாரன் மட்டும்.
"இன்னிக்கி வரைக்கும் கழிச்சினுதாம்மா இருக்கேன்."

இது மாசி.
ஒரு நாளைக்கு எண்பது வண்டி.
கால்குலேட்டர் வரை போன விரல் திரும்பி வந்து
புதுப் புகார் ஒன்றைத் திறந்தது.
பொறுப்பு: என் பெயர்.
காரணம் என்ற கட்டத்தில்
கர்சர் மினுங்கிக்கொண்டே இருக்க,

"ம்மா, மேடைல ஒரு வண்டி நிக்குது.
கழிக்கட்டா, வேணாவா?"