ரெஜைனாவில் மத்தியானம்

தேவகோட்டையில் பதினொன்றரை அடித்தால்
ரெஜைனாவில் மத்தியானம் பன்னிரண்டு.
டயர்க் கடையில் சாப்பாட்டு நேரம்.
வண்டிக்குள் உட்கார்ந்து எதையோ மென்றபடி
என்னோடு சேர்ந்து சுடுகிறான் கிரெக்.

இரண்டாங்கட்டில்தான் எனக்கு சிக்னல்.
"ப்ரோ" என்பான். திருத்தவில்லை.
மைக் கெட்டுவிட்டதென்று தட்டித் தட்டியே
ஒரு வருஷம் ஓட்டியாயிற்று.

அவனுக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம்.
வரி அநியாயம். புது மேப் தண்டம்.
காசு கொடுத்துத் துப்பாக்கிக்குச் சாயம் பூசுகிறவன் முட்டாள்
(அவனிடம் மூன்று இருக்கின்றன).
நெட்டில் சண்டை போடுகிறவனெல்லாம் வேலைவெட்டி இல்லாதவன் என்று
நேற்று நாற்பது பேரோடு சண்டை போட்டான்.
எந்தக் கட்சியானால் என்ன,
தெருப் பனியை முதலில் வாருகிறவருக்கே ஓட்டு.

பனிக்கு நான் எங்கே போக?
எங்கள் வார்டில் சாக்கடை அள்ளவே
இரண்டு எலெக்‌ஷன் ஆகும் என்றேன்.
சிரித்தான், இருமல் மாதிரி.

"நீ யாருக்குப் போட்டாய்?"

எல்லோரும் ஒரே சின்னம் என்று
மாமனார் வாசலில் நின்று தலை எண்ணி அனுப்பிய வீடு.
உள்ளே தூங்குகிறவருக்கும் தெரியாது.
நகத்தில் மை இன்னும் பாதி இருக்கிறது.

அவனுக்குச் சொன்னேன்.

"ஓகே" என்றான்.
"சுவருக்குப் பின்னால் ஒருத்தன். குனி."