பொருள் எண் ஏழு

மணி இரண்டு நாற்பது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலின் உட்புறத்திலும் உறைபனி பூத்திருக்கிறது.
குறிப்பெடுப்பவள் நான்.
பேச உரிமையில்லை, வாக்கும் இல்லை;
என் பத்து விரல்கள்தாம் இந்தக் குழுவில் இருக்கின்றன.

பொருள் எண் ஆறு, வாகன நிறுத்தக் கட்டணம்:
ஐம்பது நிமிடம்.
பொருள் எண் ஏழு:
செவித்திறனியல் மற்றும் செவிப்புலன் மறுவாழ்வு,
முதுகலை, புதிது, மூன்றாம் முறை.

ஒரீசியா வசிலென்கோ எழுந்து நிற்கிறார்.
முதல் வரைவைக் கொண்டுவந்த நாளில்
அவர் தலையில் நரையே இல்லை என்று எழுதினால் அழகாயிருக்கும்.
இருந்தது, கொஞ்சம்.
வளர்ந்தது பக்கங்கள்தாம்:
முப்பது, எழுபது, நூற்றுப் பதினான்கு.

துறை பார்த்தது. புலம் பார்த்தது.
நூலகம் இரண்டு ஆய்விதழ்களுக்குச் சந்தா கேட்டது.
எட்டு மாதம் கழித்து மொழியியல் துறை எழுதியது,
ஒலி எங்களுடையது என்று.
வெளி மதிப்பீட்டாளர் இருவரில் ஒருவர்
பனியில் விமானம் சிக்கித் தாமதமாக வந்து
ஆய்வகத்தைப் பார்க்காமல்
அதன் வரைபடத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்.

இப்போது கேள்விகள்.

பொருளியலின் ஃபஃபார்:
ஆண்டுக்குப் பன்னிரண்டு மாணவர் வருவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?
பக்கம் நாற்பத்தொன்று, என்கிறார் ஒரீசியா.
வேதியியலின் லோவன்:
பட்டத்தின் பெயரில் அந்த 'மற்றும்' அவசியமா?
'மற்றும்' பற்றிப் பதினெட்டு நிமிடம்.
(விவாதம் நடந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.)
பக்கத்து மாகாணத்தில் இருக்கிறதே, நமக்கு எதற்கு?
பக்கம் ஒன்பது.
மறுபடி யாரோ, அந்தப் பன்னிரண்டு மாணவர்...
பக்கம் நாற்பத்தொன்று.
இம்முறை கொஞ்சம் உரக்க.
காது கேளாதவரிடம் அவர் அப்படிப் பேசமாட்டார்;
முகத்தைக் காட்டி, நிதானமாய்,
உதடு தெரியப் பேசவேண்டும் என்று
பக்கம் அறுபதில் இருக்கிறது.

நூற்றுப் பதினான்கையும் படித்தது
அநேகமாய் நான் ஒருத்திதான்,
எழுத்துப் பிழை திருத்த.
எழுபத்திரண்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை:
வடக்கே, ஏரிக்கரைக் குடியிருப்புகளில்
ஒரு குழந்தையின் காதைச் சோதிக்கக் காத்திருப்பு
பதினான்கு மாதம்.
எண்ணின் தோளில் ஒரு நட்சத்திரக் குறி,
அடியில் பொடி எழுத்தில்:
தெற்கே வர வண்டி கிடைத்தால்.

மாணவர் பிரதிநிதி டான்சி எர்மின்
மூன்று கூட்டமாய் வாய் திறந்ததில்லை.
கையை உயர்த்துகிறாள்.
தலைவர் பார்க்கவில்லை.
அவள் இறக்கவுமில்லை.

"என் தம்பிக்கு நான்கு வயது வரை
பிடிவாதக்காரன் என்று பெயர்.
கூப்பிட்டால் வரமாட்டான்."

அவ்வளவுதான்.
அவள் எழுந்திருக்கவே இல்லை,
ஆனாலும் உட்கார்ந்துவிட்டது போலிருந்தது.

கேள்வி என்றால் வினவுவதா, செவிகொடுப்பதா?
இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு வைத்தவர்
எந்தக் குழுவிலும் இருந்திருக்கமாட்டார்.
அன்று முதன்முதலாய் அந்த அறையில்
வெப்பக் குழாய் முனகுவது காதில் விழுந்தது.

பிறகு வாக்கு.
ஆதரவு பதினொன்று. எதிர்ப்பு ஒன்று.
நடுநிலை இரண்டு;
அதில் ஒருவர் காபி எடுக்கப் போய்த் திரும்பியவர்,
எதற்கு வாக்கு என்று கேட்டார்.

நிபந்தனைகளுடன் ஒப்புதல்:
சந்தாவுக்கு நிதி காட்டவேண்டும்.
'மற்றும்' போகவேண்டும்.
இனிப் பேரவை, பிறகு ஆளுநர் குழு, பிறகு அமைச்சகம்;
எங்கும் தடுக்கி விழாவிட்டால்
அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, செப்டம்பரில்,
பன்னிரண்டு நாற்காலிகள்.

ஒரீசியா மேலங்கியை மாட்டிக்கொண்டார்.
கதவுக்குப் போகாமல் டான்சியிடம் போய்
நேரெதிரே நின்று,
வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்று,
என்னவோ கேட்டார்.
அது குறிப்பில் இல்லை.

பொருள் எண் எட்டு என்று தட்டினேன்.
பிறகு மேலே போய்
ஒரு 'மற்றும்'-ஐ அழித்தேன்.