வருகைப் பதிவேடு

விளம்பரத் தாளில் இரண்டு அன்னங்கள்
கழுத்தை வளைத்து இதயம் வரைந்திருந்தன.
குடியிருப்பின் பெயரும் ஸ்வான் கோர்ட்.
சிவாஜி நகரிலிருந்து ஆட்டோவில் வந்தவை
வாத்தைவிடப் பெரியவை,
அன்னத்தைவிடக் கழுத்து குட்டை,
மூக்கின்மேல் கொய்யாப்பிஞ்சு அளவில் ஒரு புடைப்பு.
இறங்கியதும் முதல் காரியமாக
பீட்ஸா கொண்டுவந்த பையனின் பேண்ட்டைப் பிடித்தன.

கூட்டம் போட்டார்கள்.
இது அன்னமா என்று கேட்டார்
ஏ-404 பெல்லியப்பா மேடம்.
எல்லாம் ஒரே குடும்பம்தான் என்று
செல்போனைப் பார்த்துப் படித்தார் செயலாளர்:
வாத்து, தாரா, அன்னம்,
விரல் நடுவே சவ்வு, தட்டை அலகு,
நனையாத இறகு.
அப்படியானால் பாலைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்
என்றது பின்வரிசையில் ஒரு தமிழ்க் குரல்.
சிரித்தவன் நான் ஒருவன்தான்.
வாசலோரம் நின்றுகொண்டிருந்தேன்.

சின்னப்பையன், வயது ஐம்பத்தொன்று,
இரவு எட்டிலிருந்து காலை எட்டு.
எங்கள் மூவருக்கும் ஒரே வேலை,
தெரியாத ஆள் வந்தால் சத்தம் போடுவது.
கடிக்க எனக்கு அனுமதி இல்லை.

உடம்பு கனம், அவற்றால் பறக்க முடியாது.
இருந்தாலும்
சிறகை நறுக்கச் சொல்லி உத்தரவு.
கத்தரிக்கோல் என் இழுப்பறையில்,
டார்ச்சுக்கும் பீடிக்கட்டுக்கும் நடுவில்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏரி.
ஒரு மழை பெய்தால் போதும்,
நுரை பொங்கிச் சாலையில் ஏறும்,
வெள்ளை வெளேரென்று.
பிரிப்பதற்கு அதில் பாலும் இல்லை, நீரும் இல்லை.

மார்கழியில் ஒருநாள்
பின்னிரவில் யாரோ விசில் அடித்தார்கள்.
சுவரேறிக் குதிக்கிறவன் என்று டார்ச்சைத் தூக்கினேன்.
விசில் தலைக்கு மேலே போனது,
திரும்பி வந்தது,
கூட இன்னும் நாலு விசில்.

பால்காரனை விடாதவை,
போலீஸ் வந்தபோதும் விடாதவை,
இன்றைக்கு மூச்சுக் காட்டவில்லை.
தலையைச் சாய்த்து
ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தபடி
நின்றன.

ஃபைபர் தாமரைகளுக்கு நடுவே
பொத் பொத்தென்று இறங்கின,
பழுப்பு நிறத்தில், கைக்கு அடக்கமாக.
எண்ணினேன். ஒன்பது.
மறுபடி எண்ணினேன். ஒன்று தாமரைக்குப் பின்னால்.

உள்ளே யார் வந்தாலும் எழுத வேண்டும், அதுதான் சட்டம்.
எழுதினேன்.

பெயர்: சிறகி
ஆட்கள்: பத்து
வண்டி எண்: இல்லை
யாரைப் பார்க்க: குளம்
உறவு: ஒரே குடும்பம்
வந்த நேரம்: 3.10

கையெழுத்துக் கட்டத்தில்
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
நீர் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

எட்டு மணிக்கு சூப்பர்வைசர் ஏட்டைப் புரட்டினார்.
அவர் மராத்திக்காரர், என் எழுத்து அவருக்குப் படியாது.
காலியான கட்டம் மட்டும் கண்ணில் பட்டது.
போன நேரம் எங்கே, என்றார்.

குளத்தைப் பார்த்தேன். தாமரைகள் மட்டும்.
கரையில் அவை இரண்டும்
செயலாளரின் நாயை
லிஃப்ட் வரைக்கும் துரத்திக்கொண்டிருந்தன.