ஐந்து பாகை முந்தி

உவர்மலையில் கரண்ட் இல்லை.
எனக்கு இருட்டுத்தான் வசதி.
கப்பியின் வெட்டில் என் நகப்பூச்சு, வெள்ளைப் பொட்டு.
வக்யூம் குழாய்க்குள் பென்சில் துண்டு.
"ஸ்ராட் பண்ணுங்கோ."
மொறிஸ் இருமி எழும்பிற்று.

டைமிங் லைற் துடிக்க
ஓடுகிற கப்பி ஓடாமல் நிற்கிறது.
பொட்டு மட்டும் கோட்டுக்குப் பிந்தி,
இவர் கந்தோருக்குப் போவது மாதிரி.

டிஸ்ரிபியூட்டரை ஒரு மயிரளவு திருப்பினேன்.
தாண்டிப் பாய்ந்தது.
அரை மயிர் பின்னுக்கு.
வந்து குந்திற்று.
போல்ட்டை இறுக்கும்போதே நழுவிற்று, சனியன்.
இன்னொருக்கால்.

மதிலோரம், எங்கள் கறிவேப்பிலையில் வாய் வைத்த புள்ளிமான்
அந்தத் துடிப்புக்குள்
மென்றபடியே அசையாமல் நின்றது.

"நிப்பாட்டட்டோ?" உள்ளிருந்து கேட்டார்.
"பொறுங்கோ."

போல்ட் எப்போதோ இறுகிவிட்டது.